நிரல்மொழித் தரநிலை ஆவணங்கள்: எதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம்

சி மொழியின் அதிகாரப்பூர்வத் தரநிலையைப் படித்துப் பார்க்கலாம் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் கடைப் பக்கத்தில். அங்கே ஒரு பிடிஎஃப் கோப்புக்கு 200 சுவிஸ் பிராங்க்கை ஒட்டிய விலை போட்டிருக்கும். மாணவர் என்றால் அத்தோடு திரும்பிவிடுவார். வேலையில் இருப்பவர் என்றால் சில சமயம் அவசரத்தில் வாங்கிவிடுவார். இரண்டு பேருக்குமே அந்தப் பக்கம் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. அதே ஆவணத்தின் கடைசி வரைவு, ஏறக்குறைய அதே சொற்களோடு, அந்த மொழியைப் பராமரிக்கும் குழுவின் தளத்திலேயே காசில்லாமல் கிடைக்கிறது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரைவை நம்பலாம், உண்மையிலேயே எப்போது காசு கொடுத்தாக வேண்டும், அப்போது எதைக் கவனித்து வாங்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நான் இதில் ஒருமுறை காசை வீணாக்கியிருக்கிறேன். அந்தக் கதை கீழே வருகிறது.

படி 1: உங்கள் மொழிக்கு விற்பனைத் தரநிலை இருக்கிறதா?

எல்லா மொழிக்கும் ஐஎஸ்ஓ தரநிலை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பைத்தான், ரஸ்ட், கோ ஆகியவற்றின் விவரக்குறிப்புகளை அந்தந்த மொழியின் குழுவே இலவசமாக வெளியிடுகிறது. ஜாவாவை 1990களின் இறுதியில் தர அமைப்புகளிடம் கொண்டுபோகும் முயற்சி நடந்தது, பிறகு கைவிடப்பட்டது. இன்று அதன் முழு விவரக்குறிப்பும் ஆரக்கிள் தளத்தில் இலவசமாக இருக்கிறது. ஹாஸ்கெல், ஸ்கீம் மொழிகளின் அறிக்கைகளும் அப்படியே.

அடுத்தது எக்மா. 1961-இல் தொடங்கிய இந்த அமைப்பு தன் தரநிலைகள் எல்லாவற்றையும் இலவசமாகவே தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலையான எக்மா-262 முதலில் 1997-இல் வந்தது. 2015 முதல் ஆண்டுக்கு ஒரு பதிப்பு வருகிறது. சி ஷார்ப் எக்மா-334, ஜேசன் எக்மா-404, டார்ட் எக்மா-408. இவற்றில் சிலவற்றுக்குத் தனியாக ஓர் ஐஎஸ்ஓ எண்ணும் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு விற்பனைக் கடைக்குப் போகாதீர்கள், எக்மா தளத்துக்குப் போங்கள்.

அடா மொழி ஒரு நல்ல முன்மாதிரி. அதுவும் ஐஎஸ்ஓ தரநிலைதான், எண் 8652. ஆனால் அதன் முழு மேற்கோள் கையேட்டையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்க ஏற்பாடு இருக்கிறது. மற்ற மொழிகளுக்கும் இப்படிச் செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு நீண்ட நாளாக உண்டு. இயங்குதளங்களின் இடைமுகத்தை வரையறுக்கும் போசிக்ஸ் தரநிலையை ஓப்பன் குரூப் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மின்சுற்று வடிவமைப்புக்கான சிஸ்டம்வெரிலாக் மொழியின் தரநிலையான ஐஇஇஇ 1800-ஐ, அக்செல்லெரா அமைப்பின் நிதியுதவியால், பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ இலவசமாகத் தருகிறது, பெயர் பதிந்துகொண்டால் போதும்.

காமன் லிஸ்ப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1994-இல் வந்த அமெரிக்கத் தரநிலை விலைக்கு விற்கப்படுகிறது. அனுமதி பெற்று அதிலிருந்து உருவாக்கிய ஹைப்பர்ஸ்பெக் என்ற இணையப் பிரதி எல்லோருக்கும் இலவசம். லிஸ்ப் எழுதுகிறவர்கள் அன்றாடம் புரட்டுவது அதைத்தான்.

மீதி இருப்பவை சி, சி++, ஃபோர்ட்ரான், கோபால், எஸ்கியூஎல், ப்ரோலாக் போன்றவை. இவைதான் உண்மையில் விலைப்பட்டியலில் வருகிறவை. ரூபிக்கும் 2012-இல் ஓர் ஐஎஸ்ஓ தரநிலை வந்தது, எண் 30170. இன்றைய ரூபியை அது விவரிக்காது. வரலாறு ஆராய்கிறவராக இருந்தாலொழிய அதை வாங்கவே வேண்டாம்.

படி 2: எதற்காக வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்

உண்மையாகவே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "குறியுள்ள முழு எண் கொள்ளளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும்", "நண்பரோடு நடக்கும் வாதத்தைத் தீர்க்க வேண்டும்", "சின்னதாக ஒரு கம்பைலர் எழுதுகிறேன்", "பாடம் நடத்துகிறேன்". இவை எதற்கும் காசு கொடுக்க வேண்டாம், வரைவு போதும். பெரிய கம்பைலர்களில் வேலை செய்கிறவர்களே அன்றாடம் வரைவைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள்.

வாங்கியாக வேண்டிய சூழல்களும் உண்டு. ஒப்பந்தத்தில் தரநிலையின் எண்ணும் ஆண்டும் குறிப்பிட்டு, அதற்கு இணங்குவதாக உங்கள் நிறுவனம் கையெழுத்திடுகிறது என்றால் வாங்குங்கள். விமானம், கார், மருத்துவக் கருவி போன்றவற்றின் பாதுகாப்புச் சான்றுக்காகத் தணிக்கையாளர் வந்து ஆதாரம் கேட்பார் என்றால் வாங்குங்கள். கம்பைலரை விலைக்கு விற்று, முழு இணக்கம் உண்டு என்று விளம்பரம் செய்கிறீர்கள் என்றாலும் வாங்குங்கள். இங்கெல்லாம் வரைவைக் காட்டி வாதாட முடியாது, வெளியான பிரதிதான் செல்லும். அந்தச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும், ஊழியர் தன் கையிலிருந்து போடக் கூடாது.

படி 3: சரியான வரைவைப் பிடியுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சி மொழியைப் பராமரிப்பது டபிள்யூஜி14 என்ற பணிக்குழு. சி++ மொழிக்கு டபிள்யூஜி21. இரண்டு குழுக்களும் தங்கள் ஆவணங்களுக்கு 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் வரிசை எண் கொடுத்துப் பொதுவில் வைக்கின்றன. தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். வெறுமனே "சி தரநிலை பிடிஎஃப்" என்று தேடினால் எந்த ஆண்டின் எந்த நிலையில் இருந்த வரைவு கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு குழுக்களின் எண்களும் தனித்தனி வரிசை என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் சி. சி99-க்கு என்1256. இதை நான் தனியாகவே பாராட்ட வேண்டும். 1999-இல் வெளியான தரநிலைக்கு 2001, 2004, 2007 ஆண்டுகளில் மூன்று பிழைதிருத்தங்கள் வந்தன. அந்த மூன்றையும் உரைக்குள்ளேயே சேர்த்துத் தருவது என்1256. 1999-இன் பிரதியைக் காசு கொடுத்து வாங்கியவர் மூன்று திருத்தத் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். இலவச வரைவை எடுத்தவருக்கு அந்த வேலை இல்லை. சி99-ஐப் பொறுத்தவரை இலவசமானதே படிப்பதற்கு மேலானது.

சி11-க்கு என்1570, 2011 ஏப்ரலில் வந்தது. இதில் ஒரு குறை உண்டு. தரநிலையின் பதிப்பைச் சொல்லும் மேக்ரோவின் மதிப்பில் ஆண்டும் மாதமும் நிரப்பப்படாமல் வெறும் இடக்குறியாக நிற்கும். வரைவுதானே என்று நினைப்பீர்கள். வெளியான தரநிலையிலும் அந்த மதிப்பு விடுபட்டே போனது. 2012-இல் ஒரு பிழைதிருத்தம் வெளியிட்டுத்தான் 201112 என்ற எண்ணைச் சேர்த்தார்கள். ஐஎஸ்ஓ தரநிலைகளின் பிழைதிருத்தங்கள் இலவசம் என்பதால் அந்தத் தாளை யாரும் பார்க்கலாம். சி17-க்கு என்2176 என்ற வரைவைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பதிப்பில் புதிய வசதி எதுவும் இல்லை, சி11-இன் குறைகளைச் சரிசெய்ததோடு சரி.

சி23-க்கு இரண்டு எண்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. என்3096 என்பது 2023 ஏப்ரல் வரைவு. அதற்குப் பிறகு வாக்கெடுப்பில் வந்த கருத்துகளை ஏற்று உரையை மாற்றினார்கள், அந்த மாற்றங்கள் இதில் இருக்காது. என்3220 என்பது பெயரளவில் அடுத்த பதிப்புக்கான முதல் வரைவு. ஆனால் அந்தத் தொடக்க நிலையில் அதன் உரை சி23-இன் இறுதி உரையோடு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே என்3220-ஐ எடுங்கள்.

இங்கே ஒரு பொது விதி ஒளிந்திருக்கிறது. இறுதிப் பிரதியை இலவசமாக வைக்கக் குழுவுக்கு அனுமதி இல்லை. ஆனால் அடுத்த பதிப்பின் வேலை தொடங்கும்போது முதல் வரைவு எதிலிருந்து பிறக்கும்? முந்தைய பதிப்பின் இறுதி உரையிலிருந்துதான். எனவே ஒரு பதிப்பு முடிந்தவுடன் வரும் முதல் வரைவைத் தேடுங்கள். சி++11-க்கு என்3337, சி++14-க்கு என்4140 என்ற இரண்டும் அப்படி வந்தவை. வெளியான உரையோடு ஒப்பிட்டால் சொல் திருத்தங்கள் தவிர வேறு மாற்றம் இல்லாதவை. சி++17-க்கு என்4659, சி++20-க்கு என்4861, சி++23-க்கு என்4950 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சி++ குழு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. வரைவின் லேடெக்ஸ் மூலமே கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது. ஒரு வாக்கியம் எந்த ஆண்டு, எந்தத் தீர்மானத்தால் மாறியது என்று வரலாற்றைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். விலை கொடுத்து வாங்கிய பிடிஎஃப்பில் இது கிடைக்காது. வரைவின் முதல் பக்கத்தில் இது முழுமையற்றது, பிழையுள்ளது என்ற எச்சரிக்கை இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது எல்லா வரைவுக்கும் வழக்கமாகப் போடுவது.

ஃபோர்ட்ரானில் ஜே3 குழுவின் ஆவணங்களில் ஆண்டோடு 007 என்ற எண் சேர்ந்தது எதுவோ அதுதான் தரநிலை வரைவு. ஃபோர்ட்ரான் 2008-க்கு 10-007ஆர்1, ஃபோர்ட்ரான் 2018-க்கு 18-007ஆர்1. கோபால், ப்ரோலாக் மொழிகளுக்கு இவ்வளவு ஒழுங்கான பொது வரைவு வரிசை இல்லை. அங்கே விலைச்சீட்டு உண்மையாகவே கடிக்கும்.

படி 4: ஐஎஸ்ஓ தளத்தில் இலவசமாகப் பார்க்க முடிந்ததைப் பாருங்கள்

வாங்கத் தீர்மானித்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஐஎஸ்ஓவின் ஆன்லைன் உலாவல் தளத்தில் ஒவ்வொரு தரநிலையின் முன்னுரை, எல்லை, கலைச்சொல் வரையறைகள் ஆகியவற்றைக் காசில்லாமல் படிக்கலாம். முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்று முன்னுரையே பல சமயம் சொல்லிவிடும். இது தவிர, பொதுவில் கிடைக்கும் தரநிலைகள் என்று ஐஎஸ்ஓவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இலக்கண விதிகளை எழுதப் பயன்படும் விரிவாக்கப்பட்ட பேக்கஸ்-நார் வடிவத்தின் தரநிலை 14977 அதில் இருக்கிறது. எழுத்துக் குறியீடுகளின் தரநிலையான 10646-உம் இருக்கிறது.

படி 5: வாங்குவதென்றால், எண்ணை மூன்று முறை சரிபாருங்கள்

என் காசு போனது இங்கேதான். எஸ்கியூஎல் தரநிலை வேண்டியிருந்தது. 9075 என்ற எண்ணைத் தேடி, ஒரு விற்பனைத் தளத்தில் முதலில் வந்ததை வாங்கினேன். கிடைத்தது பகுதி 1. அது மொத்தத் தொகுப்பின் கட்டமைப்பையும் கருத்துகளையும் மட்டும் விளக்கும் பகுதி. வினவல் எழுதும் இலக்கணம் எல்லாம் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் பகுதி 2-இல் இருக்கிறது. கோப்பை இறக்கிவிட்டால் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். பகுதி எண் தலைப்பில்தான் இருந்தது. ஆனால் மொத்தம் எத்தனை பகுதி, எதில் என்ன இருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கும் அது எனக்கு நியாயமாகப் படவில்லை. எஸ்கியூஎல்லின் 2023 பதிப்பில் 11 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் தனி விலை, முழுவதையும் வாங்கினால் ஆயிரம் பிராங்க்கைத் தாண்டிவிடும். பெரும்பாலோருக்குப் பகுதி 2 ஒன்றே போதும்.

அடுத்தது ஆண்டு. மொழியின் செல்லப்பெயரில் உள்ள ஆண்டும் ஆவணம் வெளியான ஆண்டும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சி17 வெளியானது 2018-இல், எண் 9899:2018. சி23 என்பது 9899:2024. சி++23 என்பது 14882:2024. அடா 2022 என்பது 8652:2023. ஃபோர்ட்ரான் 2003 வெளியானது 2004-இல். ஒப்பந்தத்தில் எழுதுவது வெளியான ஆண்டு சேர்ந்த எண்ணை, எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அதுவே.

மூன்றாவது, அந்தப் பதிப்பின் நிலை. ஐஎஸ்ஓ பக்கத்தில் ஒரு நிலைக் குறியீடு இருக்கும். 60.60 என்றால் வெளியாகி நடப்பில் உள்ளது. 95.99 என்றால் விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த பதிப்பு ஏற்கெனவே 50-ஐத் தொட்டுவிட்டது என்றால் இறுதி வாக்கெடுப்புக் கட்டத்தில் இருக்கிறது. அப்போது, அவசரம் இல்லையென்றால், கொஞ்ச நாள் பொறுத்திருங்கள். இன்று 200 பிராங்க் கொடுத்து வாங்கியது சில மாதங்களில் பழைய பதிப்பாகிவிடும்.

படி 6: எங்கே வாங்குவது?

ஒரே உரையை ஐஎஸ்ஓவும் விற்கிறது, ஒவ்வொரு நாட்டின் தேசியத் தர அமைப்பும் விற்கிறது. விலையை அவரவர் தனியாக வைக்கிறார்கள். வித்தியாசம் சில சமயம் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கும். 1998-இன் சி++ தரநிலையையும் சி99-ஐயும் அமெரிக்கத் தர அமைப்பு மின்கோப்பாக 18 டாலருக்கு விற்றது. சி11-ஐ ஒரு காலத்தில் 30 டாலருக்குக் கொடுத்தது. எழுத்துக்கு எழுத்து அதே உரை, முன்னால் தேசிய அமைப்பின் அட்டை மட்டும் கூடுதல். ஆகவே ஐஎஸ்ஓ எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தேசிய அமைப்புகளின் கடைகளையாவது பாருங்கள். உறுப்பினர் தள்ளுபடி உண்டா என்றும் பாருங்கள்.

விலை எதைப் பொறுத்தது என்று கேட்பீர்கள். பக்க எண்ணிக்கையை ஒட்டித்தான் விலைப்படிகள், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறுவதில்லை. 520 பக்கமுள்ள சி17-உம் 1605 பக்கமுள்ள சி++17-உம் ஏறத்தாழ ஒரே விலைக்கு விற்கப்பட்டன.

இந்தக் காசு ஆவணத்தை எழுதியவர்களுக்குப் போவதில்லை. குழுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் செதுக்கும் நிபுணர்களுக்கு ஐஎஸ்ஓ சம்பளம் கொடுப்பதில்லை. அவர்களுடைய நிறுவனங்கள் செலவை ஏற்கின்றன, இல்லையென்றால் அவர்களே தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். விற்பனைப் பணம் ஐஎஸ்ஓவும் தேசிய அமைப்புகளும் இயங்க உதவுகிறது. அமைப்புகள் நடக்கப் பணம் வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் நம்பி எழுதும் விதிப்புத்தகம் விலைச்சுவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். எக்மா இத்தனை ஆண்டுகளாக இலவசமாகவே கொடுத்துக்கொண்டு நடக்கிறதே!

பல்கலைக்கழகத்திலோ பெரிய நிறுவனத்திலோ இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் நூலகரைக் கேளுங்கள். தரநிலைத் தொகுப்புகளுக்குச் சந்தா கட்டியிருக்கும் நூலகங்கள் நிறைய உண்டு, கேட்காததால் மட்டுமே பலருக்கு அது தெரியாமல் போகிறது.

படி 7: உரிமத்தைப் படியுங்கள்

சாதாரண விலை ஒரே ஒருவர் படிப்பதற்கானது. கோப்பில் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ பதிந்து வரும். அலுவலகப் பொதுச் சர்வரில் போட்டால் உரிமத்தை மீறியதாகிவிடும். நான்கு பேர் படிக்க வேண்டுமென்றால் பல பயனர் உரிமத்தின் விலையை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கோ ஏறியிருக்கும் திருட்டுப் பிரதியைத் தொடாதீர்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அது எந்தப் பதிப்பு, பக்கங்கள் முழுதாக உள்ளனவா என்பதற்கு யார் பொறுப்பு? நம்பகமான இலவச வரைவு இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

படி 8: துணை ஆவணங்களின் செலவையும் கூட்டுங்கள்

ஒரு தரநிலை தனியாக நிற்பதில்லை. "இவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்" என்று தொடக்கத்தில் ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். சி தரநிலை மிதவைப் புள்ளி எண்களுக்கு 60559-ஐயும், நாணயக் குறியீடுகளுக்கு 4217-ஐயும், தேதி வடிவத்துக்கு 8601-ஐயும் சுட்டுகிறது. சி++ தரநிலை சி தரநிலையையே சுட்டுகிறது, போசிக்ஸையும் சுட்டுகிறது. நிறுவனத்துக்காகப் பட்ஜெட் போடும்போது இதை மறந்தால் இரண்டாவது மாதம் மறுபடியும் கையேந்த வேண்டிவரும்.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. 10646 இலவசம், யூனிகோடு இலவசம், போசிக்ஸ் இணையத்தில் இலவசம். தேதி வடிவத்துக்கு, சாதாரண நிரல் எழுதுகிறவருக்கு, 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3339 என்ற இணைய நெறிமுறை ஆவணம் போதும், அதுவும் இலவசம். மிதவைப் புள்ளி நூலகமே எழுதுகிறீர்கள் என்றால் மட்டும் 60559 அல்லது ஐஇஇஇ 754-க்குச் செலவு செய்யுங்கள்.

படி 9: மேற்கோள் காட்டும் முறை

வரைவிலிருந்து மேற்கோள் காட்டினால் வரைவு என்றே சொல்லுங்கள், எண்ணையும் கொடுங்கள். "சி தரநிலை 6.5" என்று மட்டும் எழுதினால், எந்தப் பதிப்பின் 6.5 என்று படிக்கிறவருக்குத் தெரியாது. 1989-இன் அமெரிக்கப் பதிப்பும் 1990-இன் ஐஎஸ்ஓ பதிப்பும் ஒரே மொழியைத்தான் விவரிக்கின்றன, ஆனால் பிரிவு எண்கள் வேறு. "என்1570, பிரிவு 6.5, பத்தி 5" என்று எழுதினால் யாரும் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

சி++ என்றால் பிரிவு எண்ணைவிட, அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருக்கும் பெயரைக் கொடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு எண்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், அந்தப் பெயர்கள் பெரும்பாலும் மாறாமல் நிற்கும். நிறுவனத்துக்காக விலைப் பிரதி வாங்கியிருந்தால், அன்றாட வேலைக்கு வரைவைத் திறந்து வையுங்கள். இறுதி அறிக்கைக்கு முன், மேற்கோள் காட்டிய பத்திகளை மட்டும் விலைப் பிரதியோடு ஒருமுறை ஒப்பிட்டு, ஏதாவது சொல் மாறியிருந்தால் அறிக்கையிலேயே குறித்துவிடுங்கள்.